தாளிப்பு மட்டும் பாக்கி

பெரியம்மா அமெரிக்காவிலிருந்து கிளம்ப இன்னும் பத்து நாள் இருக்கும்போதே சமைக்க ஆரம்பித்துவிட்டார். மகளின் பிரசவத்துக்காக மதுரையிலிருந்து நியூ ஜெர்சி போனவர். ஆறு மாதம் தங்க அனுமதி. அதில் ஐந்து மாதத்துக்கு மேல் பிள்ளையைக் குளிப்பாட்டுவதிலும், பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு வைப்பதிலும் ஓடிப்போயிற்று. கடைசிப் பத்து நாளில் அந்த வீட்டு அடுப்படிக்குக் கல்யாண வீட்டுக் களை வந்துவிட்டது.

"நான் ஏரோப்ளேன் ஏறுன மறுநாளே இவ ரொட்டியத் தின்னுட்டுக் கெடப்பா. கைப்பிள்ளைக்காரி. நாலு நாளைக்காவது வாய்க்கு ருசியாச் சாப்பிடட்டும்" என்று வீடியோ அழைப்பில் என்னிடம் சொன்னார். பின்னால் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது.

நாலு நாள் என்றது நாற்பது டப்பா ஆயிற்று. மட்டன் குழம்பு, தக்காளித் தொக்கு, வேகவைத்த துவரம்பருப்பு, வதக்கிய சின்ன வெங்காயம், உருண்டைக் குழம்புக்கான உருண்டைகள், நூற்றுக்கும் மேல் இட்லி. எல்லாம் ஃப்ரீசருக்குள் போயின. மதுரையில் இதே பெரியம்மா வீட்டு ஃப்ரீசரில் ஒரு ஐஸ் டிரே, எப்போதோ வாங்கிய ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் கறிவேப்பிலை, இவ்வளவுதான் இருக்கும். "ஃப்ரிட்ஜுல வச்சத நாங்க திங்கமாட்டோம்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவரும் அவரேதான்.

நியூ ஜெர்சியின் எடிசனிலும் சிட்னியிலும் லண்டனிலும் பேரன் பேத்தி பார்க்கப் போன அம்மாக்கள் ஊர் திரும்பும் வாரத்தில் இதைத்தான் செய்கிறார்கள். இப்போது அது சென்னைக்கும் வந்துவிட்டது. வேளச்சேரியிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் புருஷன், பெண்டாட்டி இருவரும் வேலைக்குப் போகிற வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை மதியம் எட்டிப்பார்த்தால், அடுத்த ஐந்து நாள் சாப்பாடு அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும். வாரம் முழுக்க ஆப்பில் ஆர்டர் போட்டுச் சாப்பிட்டு, மாதக் கடைசியில் கணக்குப் பார்த்து அதிர்ந்தவர்கள் பலர். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் மனம் திருந்தியவர்களும் உண்டு.

முன்கூட்டிச் சமைத்து வைப்பதில் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சித்திரை, வைகாசி வெயிலில் மொட்டைமாடி முழுக்க வத்தலும் வடகமும் காய்ந்த ஊர் இது. ஆடு அடித்தால் மிஞ்சிய கறியில் மஞ்சளும் உப்பும் தடவி, நூலில் கோத்து, வெயிலில் தொங்கவிட்டு உப்புக்கண்டம் போட்டோம். மீன் கருவாடானது. புளிக்காய்ச்சல் ஜாடியில் எண்ணெய் மேலே நிற்க வாரக்கணக்கில் இருந்தது. ரயில் பயணத்துக்குப் புளியோதரையும், மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் கட்டிக்கொண்டு போனோம். மீன் குழம்பைக் காலையும் மாலையும் மண்சட்டியில் சூடுபண்ணிச் சுண்டவைத்து, மூன்றாம் நாள்தான் ருசி கூடுகிறது என்று சத்தியம் செய்தோம். உப்பு, வெயில், புளிப்பு, எண்ணெய், நெருப்பு என ஐந்து காவலாளிகள். நம் ஊரில் கிடைக்காத காவலாளி குளிர் ஒன்றுதான்.

அதனால்தான் குளிர் இங்கே கப்பலில் வந்து இறங்கியது. சென்னைத் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று நிற்கிற வட்டமான கட்டடத்துக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் ஐஸ் ஹவுஸ். பாஸ்டனைச் சேர்ந்த பிரெடரிக் டியூடர், மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளங்களில் குளிர்காலத்தில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி உலகமெல்லாம் விற்றவர். 1833-ல் அவர் பனிக்கட்டி கல்கத்தாவுக்கு வந்தது. சென்னைக் கிடங்கு 1842-ல் கட்டப்பட்டது. வெள்ளைக்காரத் துரைமார்களின் மேஜைக்கு வந்த அந்தப் பனிக்கட்டிக்கு நம் அடுப்படியில் வேலை இருக்கவில்லை. இந்தியாவிலேயே இயந்திரத்தில் ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் அந்த வியாபாரம் கரைந்துபோயிற்று. கட்டடம் கைமாறி, 1897-ல் விவேகானந்தர் தங்கி, இப்போதைய பெயரைப் பெற்றது. ஆனால், ஆட்டோக்காரரிடம் இன்றைக்கும் "ஐஸ் ஹவுஸ்" என்றால்தான் சட்டென்று வண்டி கிளம்புகிறது.

ஃப்ரிட்ஜ் வந்த பிறகும் ஃப்ரீசரை நாம் நம்பவில்லை. காரணம் ருசி மட்டும் என்று நான் நினைக்கவில்லை. 2012 வாக்கில் சென்னைக்கு வெளியே மின்வெட்டு எப்படி இருந்தது என்று கோவை, மதுரைக்காரர்களைக் கேளுங்கள். ஒரு நாளில் பாதி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத வீட்டில், ஃப்ரீசருக்குள் ஒரு மாதத்துக் குழம்பை எந்தத் தைரியத்தில் வைப்பது? "ஃப்ரிட்ஜில் வைத்தது ஆகாது" என்ற பேச்சுக்குப் பின்னால் அந்த அனுபவமும் இருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது?

தண்ணீர் பனிக்கட்டியானால் சுமார் 9 சதவீதம் பெருக்கும். கத்தரிக்காயோ கறித்துண்டோ, எல்லாவற்றின் திசுக்களிலும் நிறைந்திருப்பது தண்ணீர். மெதுவாக உறைந்தால் பெரிய பெரிய பனித்துகள்கள் உருவாகிச் செல்களைக் கிழித்துவிடும். உருகும்போது தண்ணீர் வெளியே வடிந்து, காய் கொழகொழவென்று உட்கார்ந்துவிடும். வேகமாக உறைந்தால் துகள்கள் பொடிப்பொடியாக இருக்கும், சேதம் குறைவு.

இந்த வேகத்தின் மகிமையை வியாபாரமாக்கியவர் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர். நூறு வருடத்துக்கு முன் கனடாவின் லாப்ரடார் பகுதியில் தோல் வியாபாரம் செய்யப் போனவர், அங்கே இன்யூட் மக்கள் பிடித்த மீன் வெளிக்காற்றிலேயே சட்டென்று உறைந்துபோவதையும், மாதங்கள் கழித்துச் சமைத்தால் புதுமீன் போலவே இருப்பதையும் கவனித்தார். ஊர் திரும்பி, பொட்டலத்தைக் குளிர்ந்த உலோகத் தகடுகளுக்கு நடுவில் அழுத்தி விரைவாக உறையவைக்கும் இயந்திரம் செய்தார். 1930 மார்ச்சில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்துக் கடைகளில் அந்தப் பொட்டலங்கள் முதன்முதலாக விற்பனைக்கு வந்தன.

வீட்டு ஃப்ரீசர் அந்த இயந்திரம் இல்லை. அது மெதுவாகத்தான் உறையவைக்கும். அதனால் நம் பங்குக்கு நாம் செய்யக்கூடியது, உணவைத் தட்டையாக்குவது. ஒரு லிட்டர் சாம்பாரை உயரமான டப்பாவில் வைத்தால் நடுப்பாகம் உறைய ராத்திரி முழுக்க ஆகும். அதையே ஜிப் வைத்த கவரில் ஊற்றி, காற்றை வெளியேற்றி, விரல் தடிமனுக்குத் தட்டில் படுக்கவைத்தால் சில மணி நேரத்தில் பலகையாகிவிடும். அப்புறம் அந்தப் பலகைகளைப் பள்ளிக்கூட நோட்டுகள் மாதிரி நிமிர்த்தி அடுக்கலாம். எடுக்கும்போதும் சீக்கிரம் உருகும்.

பாதிச் சமையல்

ஆரம்பத்தில் நானும் முழுச் சமையலைத்தான் உறையவைத்தேன். முருங்கைக்காய், உருளைக்கிழங்கு எல்லாம் போட்ட சாம்பார்; மேலே கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, கொத்தமல்லி தூவி, அழகு பார்த்து மூடினேன். பதினைந்து நாள் கழித்துச் சூடுபண்ணினால், உருளைக்கிழங்கு கடல்பஞ்சு போல நீரை விட்டுக்கொண்டிருந்தது. முருங்கைக்காயில் நார்தான் மிச்சம். கறிவேப்பிலை கறுத்து, பெருங்காய வாசனை போய், கடுகு ஊறிக் கசந்தது. வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை. எல்லோரும் ஊறுகாய்ப் பாட்டிலைத் தேடினார்கள்.

தப்பு ஃப்ரீசர்மேல் இல்லை. நம் சமையல் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை நான் யோசிக்கவில்லை. மேற்கத்திய வீடுகளில் உறையவைக்கிற பல பண்டங்கள் ஒரே பாத்திரத்தில் ஆரம்பித்து அதிலேயே முடிபவை. நம் குழம்பு படிப்படியாக ஏறுவது. பருப்பு வேகவைப்பது ஒரு வேலை. வெங்காயம் உரித்து வதக்குவது இன்னொன்று. தேங்காய் துருவி மசாலா அரைப்பது மூன்றாவது. அப்புறம் எல்லாம் கூடி ஒரு கொதி. கடைசியில் தாளிப்பு. இதில் உடம்பு அலுப்பதெல்லாம் முதல் மூன்று படிகளில். மூக்குக்கு எட்டுவதெல்லாம் கடைசிப் படியில். குளிரில் முதலில் மங்குவதும் அந்த வாசனைதான். நாள்பட உறைந்த உணவில் மிளகு, கிராம்பு, பூண்டு தூக்கலாகிக் கசப்பேறும்; உப்பின் சுருதி இறங்கும்.

ஆகவே கணக்கு எளிது. அலுப்பை ஃப்ரீசரில் போடு. வாசனையை அன்றன்றைக்குச் செய். என் பெரியம்மா இதை எந்தப் புத்தகமும் படிக்காமல் கண்டுபிடித்துவிட்டார். "கொதிக்கவிட்டு இறக்கிட்டேன். தாளிப்பு மட்டும் பாக்கி. அதக்கூடச் செய்யமாட்டாளா?" என்றார். ஒரு கரண்டி எண்ணெய், கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலை என்று மூன்று நிமிட வேலை. மாதம் முந்திய குழம்பின் மேல் அந்தச் சொய்ங் விழுந்ததும், அது இன்றைக்கு வைத்த குழம்பாகிவிடுகிறது.

இந்தப் பாதிச் சமையலில் முதல் மரியாதை சின்ன வெங்காயத்துக்கு. ஒரு கிலோ உரிக்க ஒரு மணி நேரம், ஒரு கைக்குட்டை. பச்சையாக உரித்து அப்படியே உறையவைத்தால் ஃப்ரீசர் முழுக்க நாறும், ஐஸ்கட்டி உட்பட. நல்லெண்ணெயில் கண்ணாடிப் பதத்துக்கு வதக்கி, ஆறவைத்து, ஒரு தடவைக்கு வேண்டிய அளவாகப் பிரித்துவைத்தால் வத்தக்குழம்பு, காரக்குழம்பு எதற்கும் கைகொடுக்கும். அதில் தக்காளியும் சேர்த்துச் சுருளச் சுருள வதக்கினால் அதுவே குருமாவுக்கும் கோழிக்குழம்புக்கும் தாய்.

தேங்காய் அடுத்தது. துருவலைச் சாதாரண ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாளில் பிசுபிசுத்து வாடை வரும். ஃப்ரீசரில் மூன்று மாதத்துக்கு நம்பலாம். ஒரே உருண்டையாக அமுக்கி வைத்துவிட்டுப் பிறகு சுத்தியலைத் தேடாமல் இருக்க, முதலில் தட்டில் பரப்பி ஒரு மணி நேரம் உறையவைத்து, உதிரியாகக் கவரில் கொட்டிக்கொள்ளுங்கள். வேண்டும்போது ஒரு கைப்பிடி அள்ளலாம். சட்னி அரைக்கக் கொஞ்சம் வெந்நீர் விட்டால் போதும். அரைத்த சட்னியை மட்டும் உறையவைக்காதீர்கள். தண்ணீர் வேறு, சக்கை வேறு என்று பிரிந்து நிற்கும்.

துவரம்பருப்பைக் குழைய வேகவைத்து, மஞ்சளோடு கடைந்து, கவரில் தட்டையாக உறையவைத்தால் சாம்பார் இருபது நிமிடம். ரசத்துக்கும் அதில் ஒரு துண்டு உடைத்துக்கொள்ளலாம். முழு ரசத்தையே உறையவைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு வழக்கு உண்டு. பத்து நிமிடத்தில் பொங்கி வருகிற, வாசனையே உயிரான ஒரு பண்டத்தை ஏன் சிறையில் போட வேண்டும்?

இட்லிதான் எல்லோரையும் ஆச்சரியப்படுத்துகிறது. ராத்திரி மிஞ்சிய இட்லியை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் காலையில் கல். அதையே ஃப்ரீசரில் வைத்து, உருகக்கூட விடாமல் நேரே இட்லிப் பானையில் ஆவி காட்டினால் பஞ்சு. வெந்த மாவுச்சத்து ஆறும்போது மறுபடி இறுகும் குணம் கொண்டது. அந்த இறுக்கம் மிக வேகமாக நடப்பது ஃப்ரிட்ஜின் 4, 5 டிகிரிக் குளிரில்தான். நன்றாக உறைந்துவிட்டால் ஏறக்குறைய நின்றுவிடும். சோற்றுக்கும் இதே விதி. ஜப்பானிய வீடுகளில் வடித்த சோற்றை ஆவி அடங்குமுன் கிண்ணம் கிண்ணமாகப் பொதிந்து உறையவைக்கும் பழக்கம் பரவலாக உண்டு. இடியாப்பமும் அப்படியே. ஈழத்தமிழர்கள் வாழும் லண்டன் பகுதிக் கடைகளில் உறைந்த இடியாப்பப் பொட்டலம் சாதாரணமாகக் கிடைக்கும். மாவையே உறையவைக்கலாமா என்று கேட்டால், தோசைக்குச் சரி. இட்லிக்குப் பொங்கிய காற்றெல்லாம் போய்விடுவதால் தட்டையாகத்தான் வரும். மாவாக வைப்பதைவிட இட்லியாக வைப்பதே லாபம்.

அசைவக்காரர்களுக்கு ஃப்ரீசர் இன்னும் விசுவாசமானது. மட்டன் குழம்பு உறைந்து எழுந்தால் ருசி கெடுவதே இல்லை. மேலே கட்டுகிற கொழுப்பே ஒரு மூடி. கோழியும் அப்படியே, எலும்பு இடத்தை அடைக்கும் என்பது ஒன்றுதான் குறை. மீன் குழம்பு விஷயத்தில் மதுரைப் பெரியம்மாவின் வழி, மீன் போடாத குழம்பை உறையவைப்பது. வெந்த மீன் மறுபடி கொதித்தால் உடைந்து முள்ளும் சதையுமாகக் கலந்துவிடும். புளி, மசாலா எல்லாம் கூடிய குழம்பு தயாராக இருந்தால், அன்றைக்கு வாங்கிய மீனைப் போட்டு ஒரு கொதி.

ஒத்துழைக்காதவர்களும் உண்டு. உருளைக்கிழங்கைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவித்த முட்டையின் வெள்ளைக்கரு ரப்பராகும். மோர்க்குழம்பு திரிந்துபோகும், தேங்காய்ப்பால் பிரியும். சுரைக்காய், பூசணி, முட்டைக்கோஸ் பொரியல் எல்லாம் தண்ணீராகும். அப்பளத்தைப் பற்றிச் சொன்னால் சிரிப்பீர்கள். மோதகம் செய்கிறவர்கள் பூரணத்தை மட்டும் உறையவைத்துவிட்டு, மேல்மாவைப் பிள்ளையார் சதுர்த்தி அன்றைக்கே கிளறலாம். வத்தக்குழம்பையும் புளிக்காய்ச்சலையும் ஃப்ரீசரில் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். உப்பும் புளியும் எண்ணெயும் ஏற்கெனவே காவல் நிற்கிறபோது, இவர்களுக்கு ஏன் இசட் பிரிவுப் பாதுகாப்பு?

சமைக்காத காய்க்கும் ஒரு காலம் உண்டு. மார்கழி, தையில் பச்சை மொச்சையும் பட்டாணியும் மலிந்து கிடக்கும். உரித்து, கொதிநீரில் பட்டாணியை ஒன்றரை நிமிடம் போட்டு எடுத்து, உடனே ஐஸ் தண்ணீரில் முக்கி, ஈரம் போக உலர்த்தி உறையவைத்தால் சித்திரையிலும் பச்சை நிறம் போகாது. பீன்ஸுக்கு மூன்று நிமிடம். இந்தக் கொதிநீர்க் குளியல் இல்லாவிட்டால் காய்க்குள் இருக்கும் நொதிகள் குளிரிலும் மெல்ல மெல்ல வேலைசெய்து நிறத்தையும் ருசியையும் தின்றுவிடும். "உறையவைத்தால் சத்தெல்லாம் போச்சு" என்பவர்கள், நாலு நாள் வண்டியிலும் கடையிலும் வாடிய பீன்ஸில் என்ன சத்து மிச்சம் இருக்கிறது என்றும் யோசிக்கலாம்.

ஆறவிடுவதில்தான் ஆபத்து

ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சாகாது, தூங்கும். உருகியதும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கும். எனவே தூங்கப்போகும்போது எவ்வளவு கிருமி இருந்தது என்பதுதான் கேள்வி. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் அவை கொண்டாட்டமாகப் பெருகும். நம் ஊர் அடுப்படி வருடம் முழுவதும் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. மதியம் இறக்கிய அண்டாவைச் சாயங்காலம் வரை மேடையில் ஆறவிட்டு, அப்புறம் உறையவைப்பவர்கள் செய்வது, ஊசிப்போக ஆரம்பித்த உணவைப் பத்திரப்படுத்துவது.

இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் உணவு குளிருக்குள் போய்விட வேண்டும் என்பது உலகெங்கும் சொல்லப்படும் விதி. அண்டாவிலிருந்து அகலத் தட்டுகளுக்கு மாற்றுங்கள். அந்தக் காலத்தில் பாலை ஆற்றத் தொட்டித் தண்ணீரில் பாத்திரத்தை இறக்குவார்களே, அதே வித்தை போதும். மே மாதத்தில் குழாய்த் தண்ணீரே சுடும் என்பதால் நாலு ஐஸ்கட்டி போட்டுக்கொள்ளுங்கள். கொதிக்கக் கொதிக்க ஃப்ரீசருக்குள் தள்ளுவதும் கூடாது. பக்கத்தில் உறைந்திருப்பதெல்லாம் இளகிவிடும்.

சோற்றில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அரிசியோடு வரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் சோறு கொதித்தாலும் பிழைத்துக்கொள்ளும். வெதுவெதுப்பில் நெடுநேரம் கிடந்தால் முளைத்து நஞ்சு உண்டாக்கும். அந்த வாந்தி நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. பிரியாணி செய்து மிச்சத்தை உறையவைப்பதாக இருந்தால், விருந்தாளிகள் கைகழுவிய பிறகு மிஞ்சுவதை எண்ணிக்கொண்டிராமல், தம் உடைத்ததுமே பங்கு எடுத்துவைத்துவிடுங்கள்.

எடுக்கும்போதும் பொறுமை. முந்தைய ராத்திரியே கீழ்த்தட்டுக்கு இறக்கிவைப்பது உத்தமம். மறந்துபோனால் (எல்லோரும் மறக்கிறோம்) கவரோடு பச்சைத்தண்ணீரில் அமிழ்த்தலாம். குழம்பு, பருப்பு மாதிரியானவற்றை நேரே சட்டியில் போட்டுச் சிறுதீயில் உருக்கலாம். கொப்பளித்துக் கொதிக்கும் வரை இறக்கக்கூடாது. காலையில் மேடையில் எடுத்துவைத்துவிட்டு ஆபீஸ் போய், சாயங்காலம் வந்து சூடுபண்ணுவதுதான் செய்யவே கூடாதது. அப்படி உருகி வெளியில் கிடந்ததைத் திரும்ப உறையவைப்பதும் ஆகாது.

உறைந்த உணவுக்கு விதி சொல்லும் வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளும் அதையே கேட்கின்றன. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜுக்குள் மேலே இருக்கிற சின்னப் பெட்டி பெரும்பாலும் அந்த ஆழத்துக்குப் போகாது. அதில் உறைந்ததைப் பத்து நாளில் தீர்த்துவிடுவது நல்லது. முகப்பில் ஒட்டியிருக்கும் நட்சத்திரத்தைக் காட்டி "ஐந்து ஸ்டார் வைத்திருக்கிறோமே" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். அந்த ஸ்டிக்கர் மின்சாரச் சிக்கனத்துக்கு, குளிருக்கு இல்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு ஃப்ரீசர் தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே போட்டுப் பார்த்தால் சண்டை தீரும். தனிக் கதவுள்ள ஃப்ரீசரில் மைனஸ் 18 கிடைத்தால் குழம்பு வகைகள் இரண்டு மூன்று மாதம் ருசி குறையாமல் இருக்கும். அதற்குமேல் உடம்புக்குக் கெடுதல் இல்லை, நாக்குக்குத்தான் நஷ்டம்.

கரண்ட் போனால்? நிறைந்த ஃப்ரீசர், கதவைத் திறக்காமல் இருந்தால் 48 மணி நேரம் தாங்கும் என்பது பொதுவான கணக்கு. பாதி நிறைந்தது 24 மணி நேரம். நம் வெயிலுக்கு அதில் பாதியை நம்புகிறவள் நான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையின் தென்பகுதி நாள்கணக்கில் இருட்டில் கிடந்தபோது, ஃப்ரீசரைக் காலிசெய்து மாடிப்படியில் கூடி எல்லா வீட்டுக் குழம்பையும் ஒரே வேளையில் தின்றுதீர்த்த குடியிருப்புகள் உண்டு. ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு சின்ன உபாயம். கிண்ணத்தில் தண்ணீரை உறையவைத்து மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். திரும்பி வரும்போது நாணயம் அடியில் கிடந்தால், நீங்கள் இல்லாதபோது எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. யோசிக்காமல் கொட்டிவிடலாம்.

பாத்திரத்தில் என் ஓட்டு எவர்சில்வருக்கு. குளிரைச் சீக்கிரம் உள்ளே கடத்தும், மஞ்சள் கறை பிடிக்காது, நம் வீட்டில் ஏற்கெனவே சீர்வரிசையாகக் குவிந்தும் இருக்கிறது. மைக்ரோவேவில் வைக்க முடியாது என்பது மட்டுமே குறை. கண்ணாடி என்றால் மேலே இரண்டு விரல் இடம் விடுங்கள். அந்த 9 சதவீதம் சும்மா விடாது. ஓட்டல் பார்சலில் வந்த கறுப்பு டப்பாக்களைக் கழுவி அடுக்கிவைத்திருப்பவர்கள், அவற்றில் நூல், ஊசி போட்டுக்கொள்ளட்டும். எதில் வைத்தாலும் காற்றுப் புகக்கூடாது. காற்றுப்பட்ட இடத்தில் பனி நேரே ஆவியாகி, உணவு வெளுத்து வறண்டு அட்டையாகிவிடும்.

பெயர் எழுதி ஒட்டுவது எல்லாவற்றையும்விட முக்கியம். உறைபனி படிந்த பிறகு சாம்பாரும் காரக்குழம்பும் மட்டன் சாறும் ஒரே சாயலில் இருக்கும். "அதெல்லாம் பார்த்தாலே தெரியும்" என்று பெரியம்மா சொன்னார். தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை யாருடையது?

இவ்வளவையும் சொல்லும்போது ஒரு நெருடல் இருக்கிறது. வாரநாள் அடுப்படி லேசாவதற்கு ஞாயிறு அடுப்படி கனத்துப்போகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் வீட்டுப் பெண்ணுடையது. ஆறு நாள் ஆபீஸ், ஏழாம் நாள் ஆறு நாளைக்கான சமையல் என்றால், லீவு நாளையும் சேர்த்தல்லவா டப்பாவில் அடைக்கிறோம்? நான் பார்த்த வீடுகளில் இது நெடுநாள் ஓடுவது இரண்டு விதங்களில்தான். ஒன்று, தினசரிச் சமையலையே இரட்டிப்பாக்கிக்கொள்வது. செவ்வாய்க்கிழமை பருப்பு வேகும்போது இன்னொரு டம்ளர் சேர்த்துப் போட்டு, பாதியை உறையவைப்பது. அடுப்பு ஒன்றுதான், கழுவும் பாத்திரமும் ஒன்றுதான். இன்னொன்று, வெங்காயம் உரிக்கிற வேலையை வீட்டு ஆண்களிடம் தள்ளிவிடுவது. கிரிக்கெட் பார்த்துக்கொண்டே ஒரு கிலோ உரித்துவிடுகிறார்கள். கண்ணீருக்குக் காரணம் மேட்ச் என்றும் சொல்லிக்கொள்ளலாம். தாளிப்பு மட்டும் பாக்கி என்ற நிலையில் குழம்பு இருந்தால், சமைக்கத் தெரியாதவர் என்று வீட்டில் யாருமே தப்பிக்கவும் முடியாது.

பெரியம்மா மதுரை திரும்பி மூன்று வாரம் ஆகியிருக்கும். ஒருநாள் விடியற்காலையில் மகளிடமிருந்து போன். பிள்ளை அழுகிறது, தூக்கக் கலக்கம், பசி. கையில் கிடைத்த டப்பாவை எடுத்திருக்கிறாள். மஞ்சளாகப் பருப்பு தெரிந்தது. அம்மா சொல்லிக்கொடுத்தபடி எண்ணெய் காயவைத்து, கடுகு வெடிக்கவிட்டு, வரமிளகாய் கிள்ளிப் போட்டு, உறைந்த கட்டியை அப்படியே அதில் இறக்கியிருக்கிறாள். உருக உருக ஏலக்காய் வாசனை வந்ததாம். பேரன் பெயர்சூட்டுக்கு வைத்து மிஞ்சிய பாசிப்பருப்புப் பாயசம். தேங்காய்ப்பால் சேர்க்குமுன் எடுத்துவைத்தது.

பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"பெருங்காயம் வேற போட்டியா?" என்று கேட்டார்.